பின்பாட்டுப் பெட்டியும் கோடைப் பள்ளியும்

பியானோவைப் பற்றிப் பேச அருப்புக்கோட்டைதானா கிடைத்தது என்று உங்களில் சிலராவது நினைத்திருப்பீர்கள். நியாயமான நினைப்புத்தான். மல்லியும் மிளகாயும் பருத்தியும் விளைகிற கரிசல் இது. ஊருக்குள் தறிச் சத்தம். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் சீமைக்கருவேலங்காடும் கரிமூட்டப் புகையும். 88 கட்டைகள் கொண்ட அந்தப் பெரிய கருவியை நேரில் பார்த்தவர்களே இங்கே குறைவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பக்கத்து நாடகப் பாடகர் ஒருவரிடம் அவருடைய சுருதி என்ன என்று கேட்டால், ‘நாலரைக் கட்டை’ என்பார், அல்லது ‘அஞ்சு கட்டை’ என்பார். அந்தக் கட்டை எது? ஆர்மோனியத்தின் கட்டை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையில் வரும் கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்று சொல்லி, மனிதக் குரலின் உயரத்தையே அந்தப் பலகையை வைத்து அளந்திருக்கிறோம். நாகசுரத்தையும் வீணையையும் வைத்து வாழ்ந்த ஒரு சமூகம், தன் குரலை அளக்க ஐரோப்பாவிலிருந்து வந்த கட்டைப் பலகையை எடுத்துக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே கட்டை வாத்தியம் இந்த நிலத்துக்கு விருந்தாளி இல்லை. வீட்டு மனிதர்தான், என்ன, திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். இளைய இசைஞர்களுக்கான கோடைக்காலத் தீவிரப் பயிற்சி என்று உலகம் போற்றும் முறைக்கு உயிர்நாடி விலையுயர்ந்த பியானோவும் குளிர்ந்த மலையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் உயிர்நாடி, பயிற்சியும் விழாவும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பது. கரிசல் காட்டில் விழா இருக்கிறது, மேடை இருக்கிறது, கட்டை வாத்தியம் இருக்கிறது, அந்தப் பருவத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறையும் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் பயிற்சி மட்டும் விழாவுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வாடகை அறையில் நடக்கிறது. அதை விழாவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் வெளியே நடப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இண்டர்லாக்கன் என்ற ஊரின் பைன் காட்டுக்குள் ஜோசப் மேடி என்ற இசையாசிரியர் 1928இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடை முகாமைத் தொடங்கினார். 1940இல் பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் கூசெவிட்ஸ்கி, டேங்கிள்வுட்டில் அந்த இசைக்குழுவின் கோடைக் கச்சேரிகளோடு ஒரு பள்ளியையும் சேர்த்துத் திறந்தார். முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். 1949இல் கவிஞர் கெதேயின் 200ஆம் ஆண்டு விழாவுக்காகக் கொலராடோவின் ஆஸ்பென் என்ற மலையூரில் இசைஞர்கள் கூடினார்கள். அந்தக் கூடுகையிலிருந்தே அங்கே ஒரு விழாவும் பள்ளியும் முளைத்தன. ஆஸ்பெனைப் பற்றி இங்கே கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம். அது வெள்ளிச் சுரங்கத்தால் செழித்து, 1893இல் வெள்ளி விலை விழுந்ததும் ஆளரவம் குறைந்துபோன ஊர். இசைக்குப் பேர்போன நகரம் ஒன்றுதான் இசை விழாவைப் பெற்றெடுக்கும் என்று எந்த விதியும் இல்லை.

இவை ஏன் கோடையில் நடக்கின்றன? காரணம் எளிது. நகரத்து இசைக்குழுக்களுக்குப் பருவம் முடிந்து ஓய்வு. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வு. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. வாசிக்கிறவர், கற்பிக்கிறவர், கற்கிறவர், கேட்கிறவர் ஆகிய நான்கு தரப்பும் ஒரே நேரத்தில் கைவேலை இல்லாமல் இருக்கும் மாதங்கள் அவை. அந்த ஓய்வை ஓரிடத்தில் குவித்தார்கள், அவ்வளவுதான். குவித்ததில் கிடைத்த பலனை மார்ல்பரோவில் தெளிவாகக் காணலாம். வெர்மாண்ட் மாநிலத்தில் 1951இல் பியானோ மேதை ருடால்ஃப் செர்கினும் வயலின் மேதை அடால்ஃப் புஷ்ஷும் தொடங்கிய இடம் அது. அங்கே பெயர்பெற்ற மூத்தவரும் பேர் தெரியாத இளையவரும் ஒரே குழுவில் உட்கார்ந்து ஒரே உருப்படியை வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். மூத்தவர் எதிரில் நின்று பாடம் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் பாகத்தை வாசிக்கிறார். பக்குவப்பட்ட உருப்படி மட்டுமே வாரக்கடைசிக் கச்சேரிக்குப் போகிறது. மேடையேறாமலே போகும் உருப்படிகளும் உண்டு. பியானோ பயிலும் பிள்ளைக்கு இதன் அருமை தனி. வயலின் பிள்ளைக்குப் பள்ளி இசைக்குழுவில் பத்துப் பேரோடு உட்காரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. பியானோ பிள்ளை ஆண்டு முழுதும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக வாசிக்கிறது. இன்னொருவர் மூச்சு விடுவதைக் கேட்டு, அந்த மூச்சுக்குத் தன் விரலை நிறுத்தக் கற்பது அதற்குக் கோடையில்தான் வாய்க்கிறது.

மலைக்குளிர் இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்பார்கள். நம் ஊர் மனத்தில் கோடைப் படிப்பும் மலையும் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. திருச்சுழிக்குப் பக்கத்து மண்டபசாலை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கன் மதுரை மிஷனின் பணித்தளங்களில் ஒன்று. அதே மிஷனைச் சேர்ந்தவர்கள்தான் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901இல் அங்கே மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி எழுந்தது. கரிசலில் வேலை, கோடையில் மலை என்பது ஏறிப்போக வழி இருந்தவர்களின் ஏற்பாடு. மண்டபசாலையில் கீர்த்தனை பாடிய சபையார் சித்திரையிலும் மண்டபசாலையில்தான் இருந்தார்கள். இன்றும் அப்படித்தான். வெயில் ஒரு தடை என்பதை நான் மறுக்கவில்லை. 38, 40 பாகையில் விரல் வேர்த்து வழுக்கும். ஆனால் தீவிரப் பயிற்சி என்றால் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பது என்று யார் சொன்னது? உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் கூட்டாளிகளும் மேற்கு பெர்லின் இசை மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தேர்ச்சிக்குப் பத்தாயிரம் மணிநேரப் பயிற்சி என்ற ஒரே எண்ணை மட்டும் உலகம் பிடுங்கிக்கொண்டது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது. சிறந்த வயலின் மாணவர்கள் காலையில் ஊன்றிச் சாதகம் செய்தார்கள். நடுவில் இடைவெளி விட்டார்கள். பிற்பகலில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குட்டித்தூக்கம் போட்டார்கள். விடியற்காலை ஐந்துக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, உச்சிப்பொழுதில் வேப்பமர நிழலில் கண்ணயர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் மறுபடி எழும் கரிசல் சம்சாரியின் அன்றாடம் இதைவிட வேறா?

அடுத்து நம் ஊர் விழாவுக்கு வருகிறேன். இது மானாவாரிப் பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைப்பு. தை, மாசியில் கையில் காசு. பங்குனியிலிருந்து ஆடி வரை நிலத்துக்கு ஓய்வு. அம்மன் கோயில் பொங்கல் எல்லாம் அந்த மாதங்களில் வந்து குவிவதற்கு இதுதான் காரணம். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளி. இவ்விரண்டுக்கும் நடுவே பந்தல்குடி, பரளச்சி, காரியாபட்டிப் பக்கத்து எத்தனையோ ஊர்களின் சிறு பொங்கல்கள். அமெரிக்காவில் இசைக்குழுவின் ஓய்வு விழாவைப் பெற்றது. இங்கே நிலத்தின் ஓய்வு விழாவைப் பெற்றது. இரண்டும் பள்ளி விடுமுறையின் மேல் வந்து உட்காருகின்றன. இந்தப் பொருத்தத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தப் பொங்கல்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரே வேடிக்கை. அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் வேறொரு ஊரிலிருந்து, நாரதர் மற்றோர் ஊரிலிருந்து. மூவரும் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் எந்தப் பாட்டை எங்கே நுழைப்பார், எந்தச் சுருதியில் எடுப்பார், விருத்தத்தை எவ்வளவு நேரம் நீட்டுவார் என்பது பாடுகிறவர் வாயைத் திறந்த பிறகே தெரியும். இத்தனையையும் ஒன்றாகக் கட்டி விடியும்வரை இழுத்துக்கொண்டு போகிறவர் ஆர்மோனியக்காரர். பெட்டிக்காரர் என்பார்கள்; பின்பாட்டு என்றும் சொல்வார்கள், ஏனென்றால் அவரே பின்னிருந்து பாடவும் செய்வார். நாலரைக் கட்டையில் வள்ளி பாடி முடித்த மறுநொடி இரண்டு கட்டையில் நாரதர் எடுப்பார். பெட்டிக்காரரின் விரல் அதற்குள் இடம் மாறியிருக்கும். நடிகர் அடி மறந்தால் அந்த அடியின் சுரத்தை முன்கூட்டியே தொட்டு நினைவூட்டுவார். பாடுகிறவருக்கு மூச்சு முட்டினால் நிரப்புவார். தாளம் தடுமாறினால் மிருதங்கக்காரரைக் கண்ணால் பிடிப்பார். மேற்கத்திய இசைப் பள்ளிகள் துணைவாசிப்பு என்று ஒரு தனித் துறை வைத்துப் பல ஆண்டுகள் கற்பிக்கும் கலை இது. பார்த்த மாத்திரத்தில் சுருதி மாற்றி வாசிப்பது அங்கே தேர்வில் கேட்கப்படும் அரிய திறமை. இங்கே ஒரு ராத்திரிக்குப் பலமுறை நடக்கும் சாதாரண வேலை.

இந்த அறிவு எப்படிக் கைமாறியது என்று பார்த்தால் அதுவும் விழாவும் பயிற்சியும் கலந்த வழியில்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாக அங்கே சேர்ந்தவர்கள். பகலில் பாடம், இரவில் மேடை. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் துணை நின்றது, ஜி. ராமநாதன் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்துத் தேறித்தான் சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளை நான் தூக்கிப்பிடிக்க வரவில்லை. பள்ளிப்படிப்பைப் பறித்து, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்து பிரித்து, அடித்துப் பழக்கிய முறை அது. அது ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்தக் குப்பையோடு சேர்த்து ஒரு குந்துமணியையும் வீசிவிட்டோம். கற்ற பாடத்தை அன்றிரவே நான்கு பேர் முன் வாசித்துப் பார்க்கும் வாய்ப்புத்தான் அந்தக் குந்துமணி. ஆண்டு முழுவதையும் பிடுங்காமல், ஆறு வாரக் கோடையில் மட்டும் அதைத் திரும்பக் கொடுக்க முடியாதா?

இப்போது கோடையில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? சிறு நகரங்களில் பத்து நாள், பதினைந்து நாள் கீபோர்டு வகுப்பு. 61 கட்டை மின்னணுப் பெட்டியில் இடக்கை ஒரு பொத்தானை அமுக்க, தாளமும் பக்க இசையும் தாமாக ஓடும்; வலக்கை ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியைத் தடவும். கடைசி நாளில் சான்றிதழ், கேடயம், புகைப்படம். கொஞ்சம் வசதியானவர்கள் டிரினிட்டி போன்ற அமைப்புகளின் தேர்வுக்குப் போகிறார்கள், எட்டு நிலைகள். அந்தத் தேர்வுகளை நான் குறைசொல்ல மாட்டேன். விரலை ஒழுங்கு செய்கின்றன, இசைக்குறிப்பைப் படிக்க வைக்கின்றன. ஆனால் ஒரு நிலைக்கு மூன்று உருப்படி என்று ஆண்டு முழுதும் அதையே உருட்டி, எட்டாம் நிலை முடித்த பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பாட்டி பாடும் தாலாட்டுக்குச் சுருதி பிடிக்கத் தெரியாமல் நிற்பதுண்டு. அரசின் பங்கைப் பார்த்தால், மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். கட்டை வாத்தியத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஊர்ப் பொங்கலில் விடிய விடிய ஒலிக்கும் கருவி பள்ளிக்கூடத்துக்குள் நுழையவில்லை.

நுழையாததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆர்மோனியத்தில் கமகம் வராது, சுரத்தானங்கள் நம் இசைக்கு ஒத்துவரா என்று சொல்லி, 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1970களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டு, அந்தத் தடை நின்றது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சுரத்தை ஆர்மோனியம் தொட முடியாது. ஆனால் அதைத் தொடுவது தன் வேலை என்று பின்பாட்டுக்காரர் என்றைக்குமே நினைத்ததில்லை. அது பாடுகிறவர் வேலை. தான் தரையாக நின்றால் மேலே இருப்பவர் ஆடிக்கொள்வார் என்பதுதான் அவருடைய அழகியல். பியானோவில் அனில் சீனிவாசனும் குரலில் சிக்கில் குருசரணும் சேர்ந்து செய்யும் கச்சேரிகளில் இந்தப் பங்கீட்டை இன்னொரு வடிவத்தில் கேட்கலாம்.

இங்கே எதிர்ப்பக்கத்தின் வலுவான கேள்வி வருகிறது. ஆர்மோனியம் வேறு, பியானோ வேறு. பெட்டியைக் காட்டிப் பியானோவை எப்படிக் கற்பிப்பீர்கள்? இந்த வேறுபாட்டை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆர்மோனியத்தில் காற்று ரீடை அதிர வைக்கிறது. விரலை எடுக்கும்வரை ஒலி நீடிக்கும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் கட்டைக்கு ஒன்றுதான், உரப்பைத் தீர்மானிப்பது துருத்தி. பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு விலகுகிறது. ஒலி பிறந்த நொடியிலிருந்து தேய்கிறது. விரல் இறங்கும் வேகத்தில்தான் அதன் உரப்பும் குணமும். ஆர்மோனியத்தின் இடக்கை பெரும்பாலும் துருத்திக்கு அடிமை. பழைய நாடக மேடைகளில் காலால் மிதிக்கும் பெட்டியும் இருந்தது, அதில் இரண்டு கையும் விடுபடும், ஆனாலும் பியானோவின் இரு கைத் தனித்தனிப் பேச்சு அங்கே தேவைப்படவில்லை. ஆகவே பெட்டியில் தேர்ந்த பிள்ளை பியானோவில் உட்கார்ந்தால் முதல் சில மாதங்கள் சிரமப்படும், கட்டையை அமுக்கிக்கொண்டே இருக்கும், இடக்கை மரத்துப்போயிருக்கும். அதெல்லாம் கைக்கு வர வேண்டியவை, திருத்திக்கொள்ளலாம். காதுக்கு வர வேண்டியவை வேறு: சுருதி இடம் தெரிவது, அடுத்தவர் அடியெடுக்கும்போதே போக்கை ஊகிப்பது, தவறினால் நிற்காமல் தொடர்வது. இவை பியானோப் பிள்ளைகளுக்குக் கடைசியில் வருபவை, பலருக்கு வராமலே போகிறவை. கை முந்திக் காது பிந்தும் பாதையைவிட, காது முந்திக் கை பிந்தும் பாதை மோசமானது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அந்தப் பாதையில் நடந்தவர் உண்டா என்றால், எல்லாரும் அறிந்த பெயர் ஒன்று இருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து தென்மாவட்டங்களின் திறந்தவெளி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். பியானோவும் மேற்கத்திய இசைக்குறிப்பும் பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. இளையராஜாவைக் காட்டி ஊருக்கெல்லாம் விதி எழுதலாமா என்று உடனே கேட்பீர்கள். எழுதக் கூடாது. பயிற்சியின் அளவுக்கும் இசைத் திறமைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் மெக்நமாரா குழுவினர் கணக்கிட்டபோது, திறமை வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மட்டுமே பயிற்சி விளக்கியது. மீதியில் பிறவியும் சூழலும் தொடங்கிய வயதும் இன்னும் பலவும் அடங்கும். மேதையை எந்த முகாமும் தயாரிக்காது. ஆனால் நான் மேதைக்காக வாதாடவில்லை. பத்து ஊருக்கு ஒரு நல்ல பின்பாட்டுக்காரரும், பள்ளிக்கு ஓர் இசையாசிரியரும், அவர்களில் ஓரிருவர் பியானோவரை போவதும் போதும். மேதை ஒருவர் பாதையைத் தனியாக வெட்டிக்கொண்டு போனார் என்பது, பாதை அங்கே போகும் என்பதற்குச் சான்று; மற்றவர்களும் தனியாகவே வெட்ட வேண்டும் என்பதற்குச் சான்றாகாது.

பியானோ கட்டாயம் வேண்டும் என்ற கட்டத்தில் என்ன செய்வது? உண்மையான பியானோவை இங்கே கொண்டுவருவதில் எனக்கு அவசரமில்லை. சுமார் 230 கம்பிகள், அவற்றின் மொத்த இழுவிசை 18, 20 டன். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம்; ஆனால் மரப்பாகங்களும் ஒலிப்பலகையும் கோடைக் காய்ச்சலில் சுருங்கி ஐப்பசி ஈரத்தில் உப்பும். சுருதி சேர்க்கிறவர் தொலைவிலிருந்து வர வேண்டும். நன்கொடையாக வந்த பியானோ துணி போர்த்திய மேசையாக நிற்பதைப் போல் சோகம் வேறில்லை. சுத்தியலின் எடையை விரலுக்கு உணர்த்தும் 88 கட்டை மின்பியானோ ஒன்று, சுருதி சேர்க்கும் செலவில்லாமல், காதொலிப்பான் போட்டுக்கொண்டு நள்ளிரவிலும் வாசிக்கத் தக்கது. ஒரு பள்ளிக்கு இரண்டு போதும். காலையில் அதில் விரல். மாலையில் பெட்டிக்காரர் பக்கத்தில் காது.

ஆறு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. மனப்பாடத்தை ஆராய்ந்த எபிங்ஹாஸ் 1885லேயே காட்டிவிட்டார், ஒரே மூச்சில் திணித்தது ஒழுகிவிடும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்ததே தங்கும் என்று. உண்மை. கோடையில் கற்றதை ஆவணியில் தொடாவிட்டால் தையில் மிஞ்சாது. இதனால்தான் பதினைந்து நாள் முகாமின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் விழாவோடு கட்டிய பயிற்சிக்கு ஒரு வசதி உண்டு. பொங்கல்கள் ஒரே நாளில் முடிவதில்லை. பங்குனியில் ஓர் ஊர், வைகாசியில் ஓர் ஊர், ஆடியில் ஓர் ஊர். அதே வள்ளி திருமணம், அதே பவளக்கொடி, வேறு வேறு பாடகர்கள், வேறு வேறு கட்டை. இடைவெளி விட்ட மறுபயிற்சியை ஆராய்ச்சிக்கூடம் இதைவிட நன்றாக அமைத்துத் தர முடியாது.

மேடைக்குப் பிள்ளைகளை அனுப்புவதா என்ற தயக்கம் பெற்றோருக்கு இருக்கும். இரவு முழுக்க விழிப்பு, நாடகத்தில் கோமாளியாக வரும் பபூனும் டான்ஸ் ஆடுகிறவரும் பேசும் பேச்சு, நாடகக்காரர் என்றால் ஊரில் இருக்கும் இளப்பம். இளப்பத்தை நான் பொருட்படுத்தவில்லை. நம் ஊரின் நுட்பமான இசைவேலையைச் செய்கிறவர்களை நாம் இளப்பமாகப் பார்த்தோம் என்றால் குறை பார்வையில். ஆனால் விழிப்பும் பேச்சும் உண்மையான தடைகள். இவற்றைவிடக் கனமான தடை ஒன்றும் உண்டு, அதை மேடையில் சொல்லத் தயங்குவோம். இங்கே பொங்கல் என்பது ஒரு தெருவின் பொங்கல், ஒரு சமூகத்தின் பொங்கல். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறோமோ அவர்களுடையது மேடை. அந்த மேடையில் எந்தத் தெருப் பிள்ளை உட்காரும் என்பது சாதாரணக் கேள்வி அன்று. விழாவோடு கட்டினால் பயிற்சியும் தெருவாரியாகப் பிரியாதா? பிரியும் அபாயம் உண்டு. அதனால்தான் சாதகமும் சேர்க்கையும் பொதுப் பள்ளியின் கையில் இருக்க வேண்டும், கோயில் கமிட்டியின் கையில் அல்ல என்கிறேன். ஒன்று மட்டும் இங்கே நமக்கு அனுகூலம். ஸ்பெஷல் நாடக மேடையேறும் கலைஞர்கள் பல ஊர், பல சாதி, பல மதம். தனித்தனியாக ஒப்பந்தம் ஆகி வந்து ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போகிறவர்கள். மேடைக்கு எதிரே இருக்கும் வேலி மேடைக்குள் எப்போதும் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை. பிள்ளைகள் ஊராரின் பிள்ளைகளாகப் போகாமல் பெட்டிக்காரரின் மாணவர்களாகப் போகட்டும்.

விழிப்புக்கும் பேச்சுக்கும் தீர்வு நாடகத்தின் அமைப்பிலேயே கிடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் திரை விலகுகிறது. நடிகர்கள் உள்ளே அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். வெளியே பெட்டியும் மிருதங்கமும் மட்டும். பக்திப் பாட்டு இரண்டு மூன்று. பபூன் வர இன்னும் நேரம் இருக்கிறது. சனங்கள் அப்போதுதான் பாயை விரித்து, தண்ணீர்ச் செம்பை ஓரமாக வைத்து, தூங்கும் பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டு உட்காருகிறார்கள். யாரும் ஊன்றிக் கேட்காத நேரம் அது, ஆனால் எல்லாரும் இருக்கும் நேரம். நாடகம் பேசி முன்பணம் கொடுக்கும் அன்றைக்கு, அந்த முதல் அரைமணியில் பெட்டிக்காரர் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் உட்காரலாம் என்று ஒப்பந்தத் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்குத் தலைக்கட்டுக்கு ஒரு ரூபாய்கூட வரி ஏறாது. பெட்டிக்காரர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.